பதினாலாம் வகைப் பின்

அக்கா போன் பண்ணியபோது மில்லி ஒரு போல்ட்டுக்கு அறுபத்து நாலாவது வகையைப் பதிவு செய்துகொண்டிருந்தாள். அறுபத்து மூன்றாவது வகைக்கும் இதற்கும் பெயரில் மட்டும்தான் வித்தியாசம். அறுபத்து மூன்றை ஏற்படுத்திய அதிகாரி ஓய்வு பெற்றுவிட்டார். அவர் வைத்த பெயரைத் தொட அவருடைய கையெழுத்து வேண்டும். புதிதாக ஒரு வகை உண்டாக்க யார் கையெழுத்தும் வேண்டாம்.

மில்லி என்பது ஆபீஸ் வைத்த பெயர். ஒரு மில்லிமீட்டர் பிசகினாலும் அவளுக்குச் சோறு இறங்காது. மருத்துவமனைக் கட்டில் செய்யும் கம்பெனியில் பதினொரு வருஷமாகக் கம்ப்யூட்டரில் வரைபடம் போட்டுக்கொண்டிருந்தாள். அக்கா ஒரு பெரிய மருத்துவமனையில் நர்ஸ்.

"ஏண்டி, கட்டில் பக்கத்துல ஒரு கம்பி இருக்குல்ல, தூக்கி நிறுத்தினா நிக்கணுமா, நிக்கக் கூடாதா?"

"நிக்கணும். அதுக்குத்தானே லாக் பின் வெச்சிருக்கோம்."

"நிக்கல. கைய வெச்சா சரிஞ்சு விழுது. நேத்து ஒரு பெரியவர் கம்பியோட சேர்ந்து கீழ வந்துட்டார். தோள்பட்டை எலும்பு போச்சு. உங்க கம்பெனி பேர்தான் ஒட்டியிருக்கு. பதினாலுன்னு ஒரு நம்பரும் இருக்கு."

மில்லி போனைக் காதில் வைத்தபடியே லாக் பின்னின் கோப்பைத் திறந்தாள்.

அந்தக் கம்பெனியில் கட்டில் பதினாலு வகை. பதினாலுக்கும் தனித்தனியாகப் படம் போட்டால் ஆயுசு போதாது. அதற்காக மென்பொருளிலேயே ஒரு வசதி உண்டு. ஒரு பாகத்துக்கு ஒரே கோப்பு. அதற்குள் ஓர் அட்டவணை. வரிசைக்கு ஒரு வகை. வரிசையில் எண்ணை மாற்றினால் படம் தானாக நீளும், குறுகும். முழுக் கட்டிலின் படமும் தன் வகைக்கு ஏற்ற பாகத்தை அட்டவணையிலிருந்து தானே எடுத்துப் பொருத்திக்கொள்ளும். மனுஷ மூளைக்குத் தோன்றிய உருப்படியான யோசனைகளில் ஒன்று. அதனால் அதைக் கவனித்துக்கொள்ள ஒரு பிரிவு ஏற்படுத்தினார்கள். அதோடு அது உருப்படாமல் போயிற்று.

கோளாறு கண்ணில் பட அரை நிமிஷம் ஆயிற்று. பதினாலாம் வகை அகலக் கட்டில். பளு தாங்குவதற்காக அதன் தகடு ஆறு மில்லிமீட்டர் தடிமன் கூட. ஆகவே பின்னும் ஆறு மில்லிமீட்டர் நீண்டு, நாற்பத்தெட்டாக இருக்க வேண்டும். அட்டவணையில் நாற்பத்திரண்டு என்றிருந்தது. யாரோ பதின்மூன்றாம் வரிசையை அப்படியே நகலெடுத்துப் பதினாலு என்று பெயர் போட்டுவிட்டு டீ குடிக்கப் போயிருக்கிறார்கள். யார் என்றும் வரிசையின் ஓரத்தில் இருந்தது. அப்போது சாதாரண வரைவாளராக இருந்தவர், இப்போது மாறுபாட்டு மேலாண்மைப் பிரிவின் தலைவர்.

"கண்டுபிடிச்சிட்டேன்க்கா. ஒரு எண்ணு. ரெண்டை எட்டாக்கணும், அவ்வளவுதான்."

"அப்ப இன்னிக்கே ஆயிடும்?"

"ஆயிடும்" என்றாள் மில்லி. பதினொரு வருஷம் வேலை பார்த்தவள் சொல்லக்கூடிய வார்த்தை இல்லை அது.

பிரிவுத் தலைவரின் அறைச் சுவரில் மூன்று கடிகாரங்கள் ஓடின. மூன்றும் ஒரே நேரத்தைக் காட்டின. அவர் மில்லியை உட்காரச் சொன்னார். அவள் சொன்னதைக் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

"நீங்க சொல்றது திருத்தமா, மாறுபாடா?"

"தப்பைச் சரி பண்றது சார்."

"அப்படி ஒரு இனமே நம்மகிட்ட இல்லையேம்மா. திருத்தம்னா ஏழாம் படிவம். மாறுபாடுன்னா எட்டாம் படிவம். எதுன்னு தெரியலேன்னா, எதுன்னு தெரிஞ்சுக்கிறதுக்கு ஆறாம் படிவம்."

அவள் ஆறாம் படிவம் கேட்டாள். ஆறாம் படிவம் நாலு வகை இருந்தது. எதை நிரப்புவது என்று கேட்டதற்கு, அந்தக் கேள்வியை எழுத்தில் கொடுக்கச் சொன்னார். கொடுத்தாள். ஒன்பது நாள் கழித்துப் பதில் வந்தது: "எதுவானாலும் சரி."

அந்த ஒன்பது நாளில் அக்கா மூன்று தடவை போன் பண்ணினாள். இரண்டாவது தடவை குரலை உயர்த்தினாள். மூன்றாவது தடவை உயர்த்தவில்லை. அதுதான் மில்லிக்கு அதிகமாக உறைத்தது.

படிவத்தில் ஒரு கேள்வி: "இம்மாற்றத்தால் பாதிக்கப்படும் பாகங்கள் யாவை?" மில்லி "பெரியவரின் தோள்பட்டை எலும்பு" என்று எழுதினாள். குமாஸ்தா அதை அடித்துவிட்டு, "அதுக்குப் பாக எண் இல்லையே மேடம்" என்றார். குறும்பாக ஒன்றும் சொல்லவில்லை. பட்டியலில் நிஜமாகவே தேடிப் பார்த்துவிட்டுத்தான் சொன்னார்.

விஷயம் மாறுபாட்டு மன்றத்துக்குப் போயிற்று. மன்றம் என்பது நீளமான மேஜையும் அதைச் சுற்றிப் பதினோரு பேரும். பிரிவுத் தலைவருக்கு வலப்பக்கம் உட்கார்ந்த தரக்கட்டுப்பாட்டு அம்மாள்தான் முதலில் பேசினார்.

"பதினாலாம் வகைக் கட்டில் எத்தனை வெளிய போயிருக்கு?"

"ஆயிரத்து இருநூறு மேடம்" என்றாள் மில்லி.

"விழுந்தவங்க?"

"எங்க அக்கா வார்டுல ஒருத்தர். மத்த இடத்துல யாரும் நம்மகிட்ட சொல்லல."

"சொல்லலேன்னா விழலேன்னு அர்த்தம். அப்ப ஆயிரத்து நூத்தித் தொண்ணூத்தொன்பது கட்டில் நல்லாத்தானே இருக்கு? அந்த ஒரு கட்டில்ல என்ன கோளாறுன்னு பாக்கணுமே தவிர, பின் மேல ஏன் பழி போடணும்?"

"மேடம், எல்லாத்துலயும் அதே பின்தான். ஆறு மில்லி குட்டை. குழிக்குள்ள போகவே போகாது. மெத்தையை ஒட்டிக் கம்பி சும்மா சாஞ்சு நிக்கும். யாராவது கைய ஊனினாத்தான் தெரியும்."

"கைய ஊனக் கூடாதுன்னு ஒரு ஸ்டிக்கர் ஒட்டலாமே" என்றார் வேறொருவர். அதைக் குறித்துக்கொண்டார்கள்.

பிறகு பிரிவுத் தலைவர் எழுந்தார். அவர் எழுந்தால் மற்றவர்கள் நாற்காலியில் வசதியாகச் சாய்ந்துகொள்வது வழக்கம்.

"ஒரு எண்ணை மாத்தறது சின்ன விஷயம்னு இவங்க நினைக்கிறாங்க. அவங்களைக் குத்தம் சொல்லல, அவங்க வரையறவங்க. ஆனா நான் இந்தப் பிரிவைப் பத்து வருஷமா வளர்த்தவன். நான் வரும்போது நூத்து அறுபது வகை இருந்துச்சு. இப்ப பதிமூணாயிரத்து இருநூறு. கண்ணுக்கே தெரியாம உள்ள கிடக்கிற இந்தப் பின்னுக்கு ஒம்பது நிறம் வெச்சிருக்கோம். எந்தப் போட்டிக் கம்பெனி வெச்சிருக்கான்? பெரியவர் விழுந்தது எனக்கும் வருத்தம்தான். ஆனா கவனிங்க. அவர் பதினாலாம் வகையிலதான் விழுந்தார். மத்த பதிமூணு வகையில ஒருத்தரும் விழல. எந்த வகையில விழறாங்கன்னு இவ்வளவு துல்லியமா நம்மால சொல்ல முடியுதுன்னா, அது எதனால? வகைப்படுத்தி வெச்சதனால!"

கை தட்டினார்கள். அவர் தண்ணீர் குடித்துவிட்டுத் தொடர்ந்தார்.

"அந்த வரிசையை உண்டாக்கினவர் தீர யோசிச்சுத்தான் நாற்பத்திரண்டு போட்டிருப்பார். எனக்கு அவரைத் தெரியும்."

மில்லி மேஜையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வரிசை ஓரத்தில் இருக்கும் பெயரைச் சொல்ல நாக்கு நுனி வரைக்கும் வந்தது. வீட்டுக் கடனும், பிள்ளையின் பள்ளிக்கூடமும், நாற்பத்திரண்டு வயதில் வேறு வேலை கிடைக்காது என்பதும் நினைவுக்கு வர, விழுங்கிவிட்டாள். கடைசியில் மன்றம் மூன்று பேர் கொண்ட குழுவை நேரில் போய்ப் பார்த்துவரச் சொன்னது. தலைவர், தரக்கட்டுப்பாட்டு அம்மாள், அளவு எடுக்க மில்லி.

வார்டில் பதினாறு கட்டில். எல்லாவற்றிலும் ஆள். மருந்து வாசனைக்கும் துடைத்த தரையின் ஈரத்துக்கும் நடுவே அக்கா இரண்டு கையிலும் ஊசித் தட்டோடு நின்றாள். வந்தவர்களை உட்காரச் சொல்ல நாற்காலி இல்லை. சொல்லும் எண்ணமும் இல்லை.

விழுந்த பெரியவர் முன்னாள் பஸ் கண்டக்டர். ஒரு கை மார்போடு கட்டியிருந்தது.

"முப்பது வருஷம் ஓடற பஸ்ல நின்னுக்கிட்டே போனவன் சார் நான். ஒரு நாள் விழுந்ததில்ல. படுத்துக்கிட்டு விழுந்தேன். எழுதிக்குங்க" என்றார்.

தரக்கட்டுப்பாட்டு அம்மாள் அவருடைய எடையை மட்டும் எழுதிக்கொண்டார்.

தலைவர் பக்கக் கம்பியைப் பிடித்து ஆட்டினார். அசையவில்லை. இன்னும் பலமாக ஆட்டினார். அப்போதும் அசையவில்லை. முகம் மலர்ந்துவிட்டது.

"பிடிக்குதே!"

"கட்டுத்துணி பிடிக்குது சார்" என்றாள் அக்கா. "கீழ பாருங்க."

குனிந்து பார்த்தார்கள். கம்பியின் இரண்டு முனையிலும் காயத்துக்குப் போடும் கட்டுத்துணியைச் சுற்றிச் சுற்றி இறுக்கி முடிந்திருந்தது. பதினாறு கட்டிலிலும் அப்படியே.

"டியூட்டிக்கு வந்ததும் முதல் வேலையா அவுத்து அவுத்துக் கட்டறோம். ஒருத்தரைக் கீழ இறக்கணும்னா நாலு முடிச்சு அவுக்கணும். போன வாரம் ஒருத்தருக்கு மூச்சு நின்னுபோச்சு. கத்தரிக்கோல் தேடறதுக்குள்ள எனக்கு உயிர் போயிடுச்சு. அவருக்கு நல்லவேளை போகல."

தலைவர் நிமிர்ந்தபோது அவர் கண் கலங்கியிருந்தது. மில்லிக்கு ஒரு கணம் நெஞ்சில் ஏதோ இளகியது. மனுஷன்தானே, புரிந்துகொண்டுவிட்டான் என்று நினைத்தாள்.

"எவ்வளவு அருமையான பொருத்தம்!" என்றார் அவர். "இதுக்குப் பாக எண் இருக்கா?"

மறு வாரம் தீர்மானம் வந்தது. பதினாலாம் வகைக் கட்டிலின் பாகப் பட்டியலில் 'துணிக்கட்டு, வெள்ளை, பயனாளர் வழங்குவது' சேர்க்கப்படுகிறது. தீர்வு களத்திலேயே இருப்பதால் பின்னின் நீளத்தை மாற்றும் கோரிக்கை தேவையற்றதாகி முடித்துவைக்கப்படுகிறது. துணிக்கட்டுக்கு வரைபடம் போடும் பொறுப்பு மில்லிக்கு. மூன்று வகை: குட்டை, நடுத்தரம், நீளம். முடிச்சை இடப்பக்கம் காட்டுவதா, வலப்பக்கம் காட்டுவதா என்று அடுத்த கூட்டத்தில் முடிவாகும்.

அவள் இரண்டு நாள் அந்த முடிச்சை வரைந்தாள். நன்றாகவே வந்தது. மூன்றாம் நாள் மத்தியானம், சாப்பாட்டு டப்பாவைத் திறந்தவள் அப்படியே மூடிவைத்துவிட்டுப் பட்டறைக்கு நடந்தாள்.

பின் வெட்டும் மெஷினில் ஒரு பிட்டர் இருந்தார். அரைக் காது செவிடு என்று பேர் வாங்கியவர். வேண்டாததை மட்டும் கேட்க மாட்டார். அவருக்கு எதிரே பதினாலாம் வகைக்கான அச்சடித்த தாள் மாட்டியிருந்தது. அக்காவின் மருத்துவமனைக்குப் போகவிருந்த அடுத்த நூறு கட்டிலுக்கு நானூறு பின்.

"அண்ணா, இந்தத் தாள்ல ஒரு எண்ணு சரியா விழல" என்றாள் மில்லி. பையிலிருந்து பேனாவை எடுத்தாள். நாற்பத்திரண்டில் இருந்த இரண்டைச் சுழித்து எட்டாக்கினாள். பதினொரு வருஷத்தில் இவ்வளவு அழகாக அவள் ஒரு எட்டு போட்டதில்லை.

பிட்டர் தாளைப் பார்த்தார், அவளைப் பார்த்தார்.

"பத்து வருஷமா நானும் இதைத்தான் மேடம் கத்தறேன். எனக்குத்தான் காது கேக்காதுன்னு அவங்க நினைச்சுக்கிட்டாங்க" என்று மெஷினைப் போட்டார்.

சாயங்காலத்துக்குள் முதல் கட்டில் பொருத்தியாயிற்று. கம்பியைத் தூக்கினார்கள். 'டக்' என்று ஒரு சத்தம். பின் குழிக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. பிட்டர் கம்பி மேல் தன் முழுப் பளுவையும் போட்டுத் தொங்கினார். பட்டறையில் இருந்த நாலைந்து பேரும் வந்து ஆளுக்கொரு தரம் தொங்கிப் பார்த்தார்கள். மில்லியும் தொங்கினாள். சேலையைச் சொருகிக்கொண்டு, செருப்பு கழன்று விழ, சிரித்துக்கொண்டே தொங்கினாள். வீட்டுக்குப் போகும் வழியில் அக்காவுக்குப் போன் பண்ணி, "அடுத்த மாசம் வர்ற கட்டிலுக்குத் துணி வேண்டாம்" என்றாள். அக்கா மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. அன்று ராத்திரி மில்லி இரண்டு தட்டு சோறு சாப்பிட்டாள்.

சந்தோஷம் ஐந்து நாள் நீடித்தது.

ஆறாம் நாள் உள் தணிக்கைக்காரர் வந்தார். ஒல்லியான, மென்மையான மனிதர். நானூறில் ஒரு பின்னை எடுத்து அளந்தார். நாற்பத்தெட்டு. கம்ப்யூட்டர் பதிவைப் பார்த்தார். நாற்பத்திரண்டு. இன்னொன்றை எடுத்தார், அதுவும் நாற்பத்தெட்டு. நானூறையும் அளந்துவிட்டுத்தான் தலை நிமிர்ந்தார். "நானூறும் தப்பு" என்று வருத்தத்தோடு சொன்னார்.

விசாரணைக்கு அதே மேஜை. மாட்டியிருந்த தாளைக் கண்ணாடிப் பையில் போட்டு நடுவே வைத்திருந்தார்கள். பிட்டருக்குக் காது சுத்தமாகக் கேட்காமல் போயிருந்தது. மில்லியே எழுந்தாள்.

"நான்தான் சார் மாத்தினேன். ஆனா இப்பக் கம்பி பூட்டுது. ஒரு தடவை வந்து பாருங்க. நீங்களே தொங்கிப் பாருங்க."

"பூட்டுதா இல்லையாங்கிறது இங்க கேள்வியே இல்லம்மா" என்றார் தலைவர். குரலில் கோபமே இல்லை; பிள்ளைக்குக் கணக்குச் சொல்லித்தருகிற மாதிரிப் பேசினார். "பூட்டற பின்னை யார் வேணும்னாலும் செய்யலாம். பதிவுல இருக்கிற பின்னைச் செய்யறதுக்குத்தான் கம்பெனி வேணும். பொருளும் பதிவும் ஒத்துப்போகல. ரெண்டுல ஒண்ணை மாத்தியாகணும். பதிவை மாத்த மன்றம் கூடணும், பதினோரு கையெழுத்து வேணும், மூணு மாசம் ஆகும். பொருளை மாத்த ஒரு ரம்பம் போதும்."

"சார், சரியா இருக்கிறதை வெட்டச் சொல்றீங்க."

"அனுமதி இல்லாம சரியா இருக்கு" என்றார் தரக்கட்டுப்பாட்டு அம்மாள். "இன்னிக்கு ஒருத்தர் அனுமதி இல்லாம சரியாப் பண்ணா, நாளைக்கு இன்னொருத்தர் அனுமதி இல்லாமத் தப்பாப் பண்ணுவார்."

"தப்புக்கு யார் அனுமதி கொடுத்தது மேடம்?" என்று கேட்டாள் மில்லி.

குமாஸ்தா அந்தக் கேள்வியைக் குறிப்பில் எழுதுவதா வேண்டாமா என்று தலைவரைப் பார்த்தார். தலைவர் கையை லேசாக அசைத்தார். கேள்வி எழுதப்படவில்லை. ஆகவே கேட்கப்படவும் இல்லை.

அவளுக்குத் தண்டனை ஒன்றும் கொடுக்கவில்லை. அவர்கள் கெட்டவர்கள் இல்லை. வெட்டும்போது கூடவே நின்று சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும், அவ்வளவுதான்.

மறுநாள் காலையில் பிட்டர் முதல் பின்னை இடுக்கியில் வைத்தார். மில்லியின் முகத்தைப் பார்க்கவில்லை. அன்றைக்கு அந்தப் பட்டறையில் இரண்டு ரம்பம் ஓடியது. ஒன்று பிட்டர் கையில். இன்னொன்று, பதிவின் தூய்மையைப் பற்றித் தொழிலாளர்களுக்கு இரண்டு மணி நேரம் பேசிய தலைவர். பின் வெட்டுப்பட்டு நாற்பத்திரண்டாகிப் பெட்டியில் விழும்; ஆறு மில்லிமீட்டர் துண்டு தகர டப்பாவில் விழும். ஒவ்வொன்றையும் தணிக்கைக்காரர் அளந்து தலையாட்டுவார். மில்லி கையெழுத்துப் போடுவாள். இருநூறுக்கு மேல் அவளுடைய கையெழுத்து அவளுக்கே அடையாளம் தெரியவில்லை.

இடையில் அக்கா போன் பண்ணினாள்.

"ஏண்டி, அந்தப் புதுக் கட்டில் என்னிக்கு வருது? இங்க எல்லாருகிட்டயும் சொல்லி வெச்சிருக்கேன். கண்டக்டர் தாத்தா வீட்டுக்குப் போறவரு, அதைப் பாத்துட்டுத்தான் போவேங்கிறார்."

"வரும்க்கா."

"நல்லாருக்கும்ல?"

மில்லி ரம்பச் சத்தம் அடங்கும்வரை காத்திருந்தாள். "சத்தமா இருக்கு, ஒண்ணும் கேக்கல" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

சாயங்காலம் நானூறும் முடிந்தது. தணிக்கைக்காரர் பெட்டிக்கு முத்திரை வைத்தார். எல்லாரும் கிளம்புகிற நேரத்தில் அவர் தகர டப்பாவை எட்டிப் பார்த்தார்.

"இது என்ன?"

"வெட்டின துண்டு சார்" என்றார் பிட்டர். அவருக்குக் காது திரும்ப வந்திருந்தது.

"எந்தப் பாகம்?"

"பாகம் இல்ல சார், துண்டு."

"பாக எண் இல்லாத பொருள் வளாகத்துல இருக்கக் கூடாது. பாக எண் இல்லாததைத் தூக்கிப் போடவும் முடியாது. எதைத் தூக்கிப் போட்டோம்னு எழுதணுமே."

தலைவர் மில்லியிடம் திரும்பினார். "நீங்களே ஒரு படம் போட்டுடுங்கம்மா. உங்களுக்குத்தான் இதைப் பத்தி நல்லாத் தெரியும்."

அவள் மாடிக்குப் போனாள். கம்ப்யூட்டரில் புதுக் கோப்பு திறந்து ஒரு வட்டம் போட்டாள். அதை ஆறு மில்லிமீட்டர் நீட்டினாள். அட்டவணையில் ஒரே ஒரு வரிசை. பதினாலாம் வகைப் பின்னில் இல்லாமல் போன நீளம் இப்போது சொந்த எண்ணோடு, சொந்தக் கோப்போடு திரையில் பளபளவென்று சுற்றியது. அச்சடித்து எடுத்துக்கொண்டு தலைவர் அறைக்குப் போனாள்.

அவர் படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். அளவைப் பார்த்தார், எண்ணைப் பார்த்தார், ஓரத்தைப் பார்த்தார். கையெழுத்துப் போட்டார். போனில் கூப்பிட்டதும் தரக்கட்டுப்பாட்டு அம்மாள் வந்து போட்டார். மற்ற ஒன்பது பேரும் வீட்டுக்குப் போகிற வழியில் வரிசையாக வந்து நின்றபடியே போட்டார்கள். பதினோரு கையெழுத்துக்கும் பத்து நிமிஷம் ஆகவில்லை. மில்லியின் பதினொரு வருஷத்தில் போட்ட அன்றே ஒப்புதல் கிடைத்த முதல் படம் அதுதான்.

தலைவர் முத்திரையைக் குத்தித் தாளை அவளிடம் நீட்டினார். முகத்தில் நிஜமான அன்பு இருந்தது.

"பாத்தீங்களா, முறையா வந்தா எவ்வளவு சீக்கிரமா நடக்குது!"